இலக்கு நாற்பத்தேழு

இந்தக் கப்பலுக்கு ஆழம் வேண்டாம்.
மூன்று ஆள் உயரத் தண்ணீர் போதும்,
கரையின் மூச்சு படும் தூரம் வரை வரும்.
அதற்காகவே கட்டினார்கள்.
ஆழ்கடல் சண்டையெல்லாம் முடிந்துவிட்டதாம்.
இனி எதிரி
மண்ணுக்கும் அலைக்கும் நடுவில்தான் வருவான்,
சிறு படகில், கூட்டமாக,
என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள்.

டர்பனுக்குத் தெற்கே, ஸ்காட்பர்க் எதிரே,
ஜூன் மாதக் காலை ஏழு பத்து.
சன்னல் இல்லாத அறையில் நாங்கள் ஏழு பேர்.
வெளியே விடிந்துவிட்டதைத்
திரையின் மூலையில் ஓர் எண் சொன்னது.

முதலில் நான்கு புள்ளி.
இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தது,
பள்ளியில் பெயர் பதிகிற குமாஸ்தாவின் பொறுமையோடு.
பிறகு பதினொன்று.
பிறகு நாற்பது, ஐம்பது,
பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டு
ஒரே சிவப்பாய்ப் பிதுங்கியது திரை.
கூட்டத் தாக்குதல் என்றது.
அதற்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதானே.

கமாண்டர் ம்லாபா நாற்காலியின் கையைப் பிடித்தார்.
மேல்தளத்தில்
பீரங்கி தானாகத் தலை திருப்பும் சத்தம்
இரும்பு வழியே என் குதிகாலுக்கு வந்தது.
"படையாச்சி, என்ன அது?"

கேமராவைத் திருப்பினேன்.
வெள்ளைப் பறவைகள்
சிறகை மடக்கிச் செங்குத்தாய் விழுந்துகொண்டிருந்தன.
கீழே தண்ணீர் கறுத்துக் கொதித்தது.
இன்னும் பெரிதாக்கினேன்: கரை.
வாளி, கழற்றிய சட்டை, குழந்தை குளிக்கும் தொட்டி,
கையில் கிடைத்ததோடு
ஊரே முழங்கால் நீரில்.
சர்ச் தொப்பி போட்ட ஒரு ஜூலுக்காரி
பாவாடையை விரித்து ஏந்துகிறாள்.
அவளுக்குப் பக்கத்தில்
மருந்துக்கடைச் சீருடையோடு, வேலைக்குப் போகாமல்,
என் தங்கை கோகிலவேணி.

குறிக்கோடுகள் இரண்டும்
அவளுடைய நீலத் துணிக்கூடையின் மேல்
ஒன்றையொன்று வெட்டின.
கூடைக்கு எண் நாற்பத்தேழு.

"படையாச்சி?"

அந்த அறையில் பேசுவதெல்லாம் ஆங்கிலம்.
என் தமிழோ
காவடிக்கும் வசவுக்கும் மட்டுமே காணும்.
ஆனாலும் வாயில் வந்து விழுந்தது அந்தச் சொல்:
மீன்.

வானத்தில் இருந்தாலும் மீன், வலையில் இருந்தாலும் மீன்,
என் திரை முழுக்க மினுங்கிய அத்தனையும் மீன்.
யாருக்கும் புரியவில்லை.
இரண்டு நொடி.
இரண்டு நொடியின் நீளம் எவ்வளவு என்று
பீரங்கியுள்ள கப்பலில்தான் தெரியும்.

பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.
யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.
கமாண்டர் வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டு
ஒவ்வொரு எண்ணாக அழிக்கச் சொன்னார்.
நாற்பத்தேழைக் கடைசியில் அழித்தேன்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனபோது
கோகிலா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.
உறைபெட்டி நிறைய மத்தி.
"சாம்பல் கலர்ல ஒரு கப்பல்
அவ்வளவு கிட்ட நின்னுச்சு. நீ அதிலயா இருந்த?"
தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.
"எங்களப் பாத்தியா?"

முள்ளோடு மென்று விழுங்கினேன்.
மத்தியின் முள் மெல்லியது,
தொண்டையில் தங்காது என்பார்கள்.