பதினெட்டு, பதினொன்று

மாதாம் ஃபாய் கைப்பட்டையை இறுக்கினாள்.
காற்று ஏறியது, நின்றது, சீறி இறங்கியது.
"பதினெட்டு, பதினொன்று" என்றாள்.
லாரிக்காரனிடம் கேட்கிற அதே குரலில்
"குறையுமா?" என்றேன்.

செனகலில் இந்த நோய்க்கு டென்ஷன் என்றே பெயர்.
எனக்கு டென்ஷன் என்றால்
யார்மேல் என்று ஒருவரும் கேட்பதில்லை,
எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

"உப்பைக் குறை, தியேனாபா."
சொல்லிவிட்டு என் கால்களைப் பார்த்தாள்.
முழங்கால்வரை வெள்ளை காய்ந்து செதில் விட்டிருந்தது.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

யெரோ உடம்பெல்லாம் ஷியா வெண்ணெய் பூசிக்கொண்டு
கழுத்தளவு ஏரியில் நின்று தோண்டுவான்.
படகு விளிம்பு தண்ணீரைத் தொட்டதும் கரைக்குத் தள்ளுவான்.
அங்கிருந்து என் தலை.
ஒரு தட்டு இருபத்தைந்து கிலோ.
பத்து வருஷமாய் எனக்கு உப்பிட்டது இந்த ஏரி,
அதை எங்கே குறைப்பது?

ஒரு தட்டுக் கூலிக்கு ஒரு கட்டு கின்கெலிபா இலை.
பதினொரு தட்டுக்கு ஓர் அட்டை மாத்திரை.
எனக்குக் கணக்கு வரும்.

நாத்தனார் தாக்கோ இலையைக் கொதிக்கவைத்தாள்.
வெறும் வயிற்றில், கதவுப் பக்கம் திரும்பி நின்று,
மூன்று மிடறு, பேசக் கூடாது.
படகுக்காரன் பூண்டு என்றான்.
பள்ளிக்கூடச் சமையல்காரி முருங்கை என்றாள்.
சிவந்த பிஸாப் பூவைச் சர்க்கரை இல்லாமல் ஊறவைத்துக் குடித்தேன்,
பல் கூசியது.
வெள்ளிச் சந்தையில் ஒலிபெருக்கி கட்டிய மோட்டார் சைக்கிள்காரன்
ஒரே புட்டியில்
சர்க்கரை, டென்ஷன், இடுப்புவலி,
புருஷன் பாராமுகம் எல்லாம் தீரும் என்றான்.
வாங்கவில்லை.
கடைசி ஒன்றுக்காகக் கொஞ்சம் யோசித்தேன்.

இலைத்தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.
புகை வாசம், லேசான கசப்பு, விடியலில் ஒரு சூடு.
நல்லது உள்ளே போகிறது என்று நினைத்தாலே
தோள் தளரும்.
பாதி அட்டை மாத்திரையைத்
துணி மூட்டைக்குள் சொருகிவிட்டேன்.

நாற்பத்தோராவது தட்டு.
ஏரி இளஞ்சிவப்பாக இருந்தது, பிறகு வெள்ளை,
பிறகு எங்கே கரை என்று தெரியவில்லை.
இடது கை என் கையாக இல்லை.
தட்டு விழுந்த சத்தம் மட்டும்
யாருடையதோபோல் கேட்டது.

ஒரு மணி நேரத்தில் கை திரும்பி வந்தது.
மாதாம் ஃபாய் திட்டவில்லை.
அந்த இலையைக் கொண்டுவா என்றாள்.
முகர்ந்தாள், அவளே அடுப்பு மூட்டினாள்,
ஆளுக்கொரு குவளை ஊற்றினாள்.
பிறகு தன் கைப்பையிலிருந்து
என்னுடையதைப் போலவே ஓர் அட்டையை எடுத்து
ஒன்றைப் பிதுக்கி அந்தத் தண்ணீரிலேயே விழுங்கினாள்.
"எனக்குப் பதினாறு, பத்து" என்றாள்.
"இதைக் குடி. ஆனால் இது அதைச் செய்யாது."

இப்போது எங்கள் வீட்டில் சூப்புக் கட்டி கிடையாது.
கருவாடு பெருநாளைக்கு மட்டும்.
ஏழு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டே மென்றார்கள்.
முதல் வாரம் யெரோ தட்டைத் தள்ளிவைத்தான்.
மூன்றாவது வாரம் எலும்பை உறிஞ்சியபடி
"மீனுக்கு இப்படி ஒரு ருசியா?" என்றான்.
பாராட்டா, புகாரா, நான் கேட்கவில்லை.

நேற்று பதினான்கு, ஒன்பது.
இலையா, மாத்திரையா, கட்டி போட்ட குழம்பை விட்டதா?
தாக்கோ இலை என்கிறாள்.
சொல்லிக்கொள்ளட்டும்.

சாயங்காலம் என் குவியலுக்கு லாரி வந்தது.
இது எங்கே போகும் என்று முதல் தடவையாகக் கேட்டேன்.
"எல்லை தாண்டி, மீன் பதப்படுத்த" என்றான் டிரைவர்.
மூட்டைகளை எண்ணினான்.
நானும் எண்ணினேன்.
பதினெட்டில் ஒரு நொடி நின்று,
யாருடையதோ என்று நினைத்து,
பத்தொன்பது என்றேன்.