வாட்டம்

பத்திரத்தில் நீளம் எழுதுவேன், அகலம் எழுதுவேன்.
வடக்கே பெரியகருப்பன் வீட்டு மதில்,
தெற்கே வண்டிப்பாதை,
கிழக்கே ஊரணிக்கரை என்று
நான்கு மாலும் தப்பாமல் எழுதுவேன்.
சரிவை எழுதக் கட்டம் இல்லை.

தேவகோட்டை மட்டமான ஊர் என்பார்கள்
இரண்டு காலில் நடப்பவர்கள்.
குச்சியை நேராகத்தான் தள்ளுகிறேன்.
நாற்காலி மெல்ல மெல்ல
ஊரணிப் பக்கமே ஒதுங்குகிறது.
மழையில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று
தெருவையே சாய்த்துப் போட்டிருக்கிறார்கள் யாரோ.
தண்ணீருக்குப் பார்த்த வழி.
பேட்டரியோடு நானும் அதில்தான் போக வேண்டியிருக்கிறது.

"வாட்டம் பார்த்துத்தான் போட்டிருக்கேன், உடையாளக்கா"
என்றார் கொத்தனார் சாத்தையா.
முகத்துக்கு ஆகாத சொல், தரைக்கு வேண்டும்,
அதுவும் அளவாக.
பதிவு ஆபீஸுக்கு மூன்று படி.
படிக்கு ஆறங்குலம், ஆக ஒன்றரை அடி.
ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி ஓட வேண்டும்;
பதினெட்டு கேட்டேன்.
அவர் போட்டது ஏழு.
மிச்சம் பதினொன்றில் டீக்கடை நிற்கிறது.
மேலே வழவழவென்று கிரானைட் வேறு,
திறக்க வந்தவர் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ள.

முதல் நாள், பத்திரப் பையை
முதுகுப் பக்கம் மாட்டிக்கொண்டு ஏறினேன்.
பாதியில் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டன.
கொடிக்கம்பத்தின் உச்சி தெரிந்தது.
அப்புறம் வானம் மட்டும்.
பின்னாலிருந்த குட்டிச் சக்கரங்கள்
கிறீச்சென்று தாங்கிக்கொண்டன.
முப்பது வருட வில்லங்கம்
எத்தனை கிலோ என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது ஏறுமுன் பை மடிக்கு வந்துவிடும்.
சாய்ந்த இருக்கையை நிமிர்த்துவேன்,
இடுப்பு வாரை இறுக்குவேன்,
கும்பிடப் போகிறவள் போல
உடம்பை முன்னால் கொடுப்பேன்.
தனக்குத்தான் என்று
சார்பதிவாளர் நினைத்துக்கொண்டால் நினைக்கட்டும்.
குறுக்கே போனால் சுருக்கம் என்று கண் சொல்லும்,
பக்கவாட்டில் புரட்டிவிடும். ஏறுவது நேருக்கு நேர்.
நடுவழியில் வணக்கம் சொன்னவர்களுக்கு
மேலே போய்த்தான் பதில்.

இறங்குவதுதான் கணக்கு.
வேகம் ஒன்றில்; ஆமைப் படம் எரியும்.
குச்சியைப் பட்டென்று விட்டால்
நாற்காலி நின்றுவிடும், நான் நிற்க மாட்டேன்.
கைநாட்டு வைப்பவரின் கட்டைவிரலைத்
தாளிலிருந்து எடுப்பேனே,
மை இழுபடாமல், அப்படி விடவேண்டும்.
சரிவில் திரும்பக்கூடாது.
மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோலை
யாரையும் தொட விடக்கூடாது.
"தள்ளிவிடட்டுமாக்கா" என்று ஓடிவந்த பையன்
அதைத்தான் முதலில் தொட்டான்.

"ஏறச் சொன்னா எருதுக்குக் கோபம்,
இறங்கச் சொன்னா..."
பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்
பக்கத்து மேசை அருளானந்து.
முழுசாச் சொல்லுங்கண்ணே.
இந்த வண்டியில் எருதும் நான்தான், முடவனும் நான்தான்.
கோபத்தை யார் பேரில் பதிவது
என்பதில்தான் தகராறு.

நேற்று ஐப்பசி மழை.
நனைந்த கிரானைட்டில் நான் இறங்குவதில்லை.
ஆபீஸ் பூட்டியும் மேலேயே இருந்தேன்.
டீக்கடை மலைக்கண்ணு
சாக்கு இரண்டை விரிக்க வந்தார்.
வேண்டாம், சக்கரத்தில் சுருட்டும் என்றேன்.
சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு
மழையிலேயே நின்றார்.
ஏழடியை மேலிருந்து கீழே பார்த்தார்.
அப்புறம் தன் கடையைப் பார்த்தார்.

"பெஞ்சை எடுத்தா நாலடி வரும்."

வாய்ப்பேச்சா வேண்டாம், எழுதிக் கொடுங்க என்று
பேனா மூடியைத் திறந்தேன்.
அடுப்பைக் கேட்கவில்லை,
பாய்லரைக் கேட்கவில்லை.
ஏழும் நாலும் பதினொன்று.
குறைகிற ஏழடிக்கு
இன்னொரு மழை வரட்டும்.