ஆர் டூ

அட்டைப்பெட்டியைக் கால்களுக்கிடையில் நிறுத்தி
நேரு வீதியிலிருந்து முத்தியால்பேட்டைக்கு ஸ்கூட்டரில்.
அஜந்தா சிக்னலில் போலீஸ்காரர் கேட்டார்:
"என்னய்யா, மிக்ஸியா?"
ஆமாம் என்றேன்.
முப்பத்தெட்டு வயதில் வேறென்ன சொல்வது.

மணிக்கூண்டு தாண்டியதும் தூறல்.
சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்தினேன்.
பனியனோடு ஒருவன்
மழையில் மிக்ஸி கொண்டு போகிறான்.

கத்தரிக்கோல் அகப்படாமல் சாவியால் கிழித்தேன்.
தெர்மாகோல் கீச்சிட, அஞ்சலாட்சி பல்லைக் கடித்தாள்.
"இத நிக்க வைக்கணுமா, படுக்க வைக்கணுமா?"
எப்படியும் வைக்கலாம் என்றது தாள்
பதினோரு மொழிகளில், தமிழ் தவிர.
மயிலம் முருகன் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஆட்டம் இறங்க ஆறு மணி நேரமாம்.
என் போனில் டேட்டா தீர்ந்தது, அவள் போனிலும் தீர்ந்தது.
மாடி வீட்டு தேசிங்கிடம் வைஃபை கேட்டோம்.
பாஸ்வேர்டு அவன் பழைய காதலியின் பெயர்.
யாரும் எதுவும் பேசவில்லை.

அதுவரை கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
நினைத்ததைவிடக் கனம்.
முதுகில் வெள்ளரிப்பிஞ்சின் மெல்லிய சுணை.
கட்டைவிரல்கள் கேட்காமலே
இரண்டு குமிழ்களிலும் ஏறி உட்கார்ந்தன.
யாரோ என் கையை அளவெடுத்திருக்கிறார்கள்.
எப்போது எடுத்தார்கள்?

சேதராப்பட்டுக்கு முன்பாக இருக்கும்.

வலது சுட்டுவிரல் ஆர் டூ பொத்தானைத் தொடவில்லை.
மேல் கணு இல்லாத விரல் அது.
இரண்டாம் ஷிஃப்ட், இரவு எட்டு இருபது,
தகடு அடிக்கும் பிரஸ்.
இந்தப் பெட்டியின் விலை
விரலுக்கு வந்த பணத்தில் மீந்தது.

ஒரு மணிக்கு ஆட்டம் திறந்தது.
அங்கேயும் மழை.
துளித்துளியாக உள்ளங்கைக்குள் பெய்தது,
இடது கையில் கொஞ்சம் பலமாக.
கன்ட்ரோலரை அவளிடம் கொடுத்து, குமிழை மட்டும் நான் தள்ளி,
கண்ணை மூடச் சொன்னேன்.
"இப்ப எங்க நடக்கறோம்?"
"மணல்ல. வைத்திக்குப்பம் மணல்."
"இப்ப?"
"கல்லு."
"இப்ப?"
"தண்ணி… ஐயோ, முட்டி வரைக்கும்."
புடவையைத் தூக்கிக்கொண்டாள்.

பிறகு வில்.
ஆர் டூவை நடுவிரலால் அழுத்தினேன்.
பாதி வழியில் பொத்தான் எதிர்த்தது,
நாண் இறுகுவதைப்போல.
இன்னும் அழுத்த
அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பியது.
அதை எனக்குத் தெரியும்.
அச்சு இறங்குவதற்குச் சற்று முன்
மேசை அப்படித்தான் நடுங்கும்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

நாலு வருஷம் பிந்தி.

பாயில் கவிழ்ந்து கிடந்தபடி
அது இன்னும் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சி என் கையைப் பார்க்கவில்லை.
கன்ட்ரோலரை எடுத்தாள்.
மருந்துக்கடை பில்லில் தப்பு தேடும் அதே முகத்தோடு
அமைப்புகளுக்குள் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.
ஆர் டூவின் வேலையை இடது பக்கப் பொத்தானுக்கு மாற்றினாள்.
"அதிர்வ நிறுத்திடவா?"
"வேணாம்."
"பின்ன?"
"பாதியா வை."

இப்போது ஆர் டூவுக்கு வேலை இல்லை.
சுட்டுவிரலின் மிச்சம்
அதற்கு அரை அங்குலம் முன்னால் படுத்திருக்கிறது.
தொந்தரவில்லை.

இடது கையால் விட்ட முதல் அம்பு
எதிரிக்கு எதிர்த்திசையில் போய்
ஓர் ஆட்டின் மேல் பட்டது.
ஆடு சாகவில்லை.
மேய்வதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது,
நேராக எங்கள் இருவரையும்.

"ஆறு மணிக்கு ஷிஃப்ட்டு, படு," என்றவள்
கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாள்.
"கொஞ்சம் நகரு.
அந்த ஆடு எங்க போவுதுன்னு பாக்கணும்."