மூன்றாம் பந்தி

சிவகங்கையில் இரண்டு நாள் பயிற்சி.
வடையும் தேநீரும் ஒரு கோப்பும் கொடுத்து
வேதியியல் வாத்தியாரை
உயர்கல்வி வழிகாட்டியாக்கி அனுப்பினார்கள்.
கோப்பில் இருநூற்றுப் பதினாறு படிப்புகள்.
பாதிக்கு மேல்
நானே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு.
ஆளுக்கொரு படிவம்: விருப்பம் ஒன்று, இரண்டு, மூன்று.
சோலைராஜா மூன்றிலும் 'கத்தார்' என்று எழுதியிருந்தான்.
"அது நாடுடா. நான் வேலையைக் கேக்கிறேன்."
"அங்க போனா சொல்லுவாங்க சார்."
அழகுமீனாள் 'நர்ஸ்' எழுதி அடித்து
'பி.காம்' எழுதி அடித்து
'அப்பாட்ட கேக்கணும்' என்று எழுதியிருந்தாள்.
அதை மட்டும் அடிக்கவில்லை.

சேவுகமூர்த்தியின் படிவம் வெறும் தாள்.
ஆவணி பிறந்ததிலிருந்து பாதி நாள் வருவதில்லை.
போன் அடித்தால் பாத்திரச் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.
வாடகைக்கு விடுகிற பெரிய வீடு,
இரண்டாம் கட்டில் சாப்பாடு,
மூன்றாம் பந்தியில்தான் இடம் கிடைத்தது.
கேட்டரிங் சட்டை, கையில் வாளி,
இலை இலையாகக் குனிந்து வந்தவன்
என்னைக் கண்டதும் கரண்டியை ஒரு நொடி நிறுத்தினான்.
"பருப்பு சார்?"

ஊற்றிக்கொண்டே கேட்டான்:
"நீங்க சொன்ன அந்த டிப்ளமோ... ரெண்டு வருசம்.
முடிச்சா எவ்வளவு சார் வரும்?"

கோப்பில் 'சிறந்த வாய்ப்புகள்' என்று இருந்தது.
தொகை இல்லை.
என் அக்கா மகன் வாங்குவதோடு
கொஞ்சம் நம்பிக்கையையும் சேர்த்து
"பன்னெண்டாயிரம்" என்றேன்.

அவன் உதடு அசைந்தது.
முகூர்த்தத்துக்கு எண்ணூறு.
ஆடியையும் மார்கழியையும் கழித்திருப்பான்,
போன வருடம் கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கியவன்.

எண்ணூறுதான்டா, நாற்பது வயதிலும் கிட்டத்தட்ட எண்ணூறுதான்,
வாளி மட்டும் கனத்துக்கொண்டே போகும்
என்று சொல்லியிருக்க வேண்டும்.
வாய் நிறையக் கவுனி அரிசி.

'இருடா' என்று
இலைக்கு மேலே கையை நீட்டினேன்.
'போதும்' என்று எடுத்துக்கொண்டு
அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூம் கணினியில்
அவன் பெயருக்கு நேரே ஒரு கேள்வி:
ஆலோசனை வழங்கப்பட்டதா?
ஆம். இல்லை.
இரண்டே கட்டம்.
ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான்
அடுத்த பெயருக்கு விடும்.