மாமியில் இரண்டு பேர்

பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று சொல்வது வழக்கம்.
எங்களிடம் பெஞ்ச் கிடையாது.
பீல் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், நான்காம் மாடி,
பயிற்சி அறையில் ஐந்து மேசை, ஐந்து நாற்காலி;
அறைக்கு வெளியே பீட்சா எண்ணெய் ஊறிய ஒரு சோபா.
செவ்வாய்க்கிழமையிலிருந்து
நான் அதில் இருக்கிறேன்.

உர்ஸ் எனக்குக் காப்பி போட்டுத் தந்தபோதே விளங்கிவிட்டது.
மூன்று வருடத்தில் அந்தப் பயிற்சியாளர்
யாருக்கும் காப்பி போட்டதில்லை.
"உன் எண்களில் குறையில்லை, துவாரகன்.
ஆனால் கடைசி இருபது விநாடியில் பேச்சு நின்றுவிடுகிறது.
தலைவன் பேசாவிட்டால்
நாலு பேரும் நாலு பக்கம் பார்க்கிறார்கள்."
மறுத்துச் சொல்ல வாய் திறந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தார். அதற்கு நன்றி.

இனி ரெட்டோ தலைவன்.
என் நாற்காலிக்கு மியூலூஸிலிருந்து ஒரு பையன், பாஸ்டியன்,
பதினேழு வயது, ஒப்பந்தத்தில் தாயின் கையெழுத்து.
எனக்கு இருபத்துநான்கு.
இந்தத் தொழிலில் அது ஓய்வூதியம் வாங்கும் வயது.

அறிவிப்புப் படம் போட்டுவிட்டார்கள்:
கறுப்பு வெள்ளையில் என் முகம்,
கீழே இந்த ஊர்த் தெருப் பலகைபோல இரண்டு மொழியில்
"எல்லாவற்றுக்கும் நன்றி."
எங்கள் சனம் அந்தப் படத்தை எப்படி விளங்கிக்கொள்ளும் என்று
யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.
லங்கெந்தாலிலிருந்து சித்தி அழுதுகொண்டு எடுத்தா.
"உயிரோடதான் இருக்கிறன் சித்தி.
சோபாவில இருக்கிறன்."

ரெட்டோவுக்கு எப்போது தெரியும்?
வெள்ளிக்கிழமை என் கோப்பையையும் சேர்த்துக் கழுவினானே,
அப்போதேயா?
கேட்கமாட்டேன்.
கேட்டால் அவனும் கேட்பான்:
மிலானை அனுப்பியபோது
உனக்கு எத்தனை நாள் முன்பே தெரியும்?

ஒன்பது.
ஒன்பது இரவு மிலானுக்கு எதிரே இருந்து சாப்பிட்டேன்.
உப்புக் கேட்டான்.
எடுத்துக் கொடுத்தேன்.

விளையாட்டு வரைபடத்தின் கிழக்கு மூலையில்
நீலக் கதவுக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான இடம்.
எதிரி அதில் பதுங்கி நின்று எட்டிப் பார்ப்பான்,
ஓல்ட்டனில் எங்கள் எதிர்வீட்டு மாமி
திரைச்சீலைக்குப் பின்னால் நின்று
யார் யாரோடு வருகிறார்கள் என்று பார்ப்பதுபோல.
அவசரத்தில் ஒருநாள் கத்திவிட்டேன்: "மாமி! மாமி!"
அன்றிலிருந்து எல்லோருக்கும் அது மாமி.
லோயிக் தன் பிரெஞ்சில் அதைப் பாட்டி என்று எண்ணிக்கொண்டான்,
ரெட்டோ தன் ஜெர்மனில் அம்மா என்று.
நான் யாரையும் திருத்தவில்லை.
வந்த அன்றே பாஸ்டியன் கேட்டான், ஏன் மாமி?
"அந்த இடத்துக்குப் பெயர் அது" என்றான் ரெட்டோ.
அவ்வளவுதான்.

இப்போது உள்ளே ஆட்டம்.
கதவு சாத்தியிருக்கிறது, குரல் மட்டும் வருகிறது.
"மாமியில் இரண்டு பேர்!" அந்தப் பையன்தான்;
சொல் அவன் வாயில் அதற்குள் ஒட்டிவிட்டது.
பாலத்தில் ஒருவன் என்கிறான் லோயிக்.
ஒருவன் ஏற்கனவே செத்தாயிற்று.
இரண்டும் ஒன்றும் ஒன்றும் நாலு.
எதிரணியில் ஐந்து பேர்.

ரெட்டோவின் பேச்சு நிற்கிறது.
இன்னும் பதினெட்டு விநாடி இருக்கலாம்.
எண்ணுகிறான்.
நானும் அந்த விநாடிகளில் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், உர்ஸ்.
காப்பி ஆறுவதற்குள் அதையாவது சொல்லியிருக்கலாம்.

மூன்றாமவனும் மாமியில்தான்.
எழுந்துபோய்
சுவரில் மூன்று தரம் தட்டினேன்.

ஹெட்செட் போட்டவனுக்குச் சுவர் கேட்காது.