பதினோரு பிள்ளைகளும் ஒரு ஃப்ளெக்ஸும்

கேக் வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டும் என்றாள் யாழ்மதி.
ஏழு முடிகிறது. சரி என்றேன்.
அழைப்பில் தெளிவாகத்தான் எழுதினேன்:
பழைய உடுப்பில் வரவும்.
பரிசுக்குப் பதிலாக வீட்டிலிருந்து
காலித் தீப்பெட்டி, உடைந்த வளையல்,
நக்கி முடித்த ஐஸ் குச்சி, எதுவானாலும்.

பதினோரு பேர் வந்தார்கள்.
எட்டுப் பேர் பட்டுப்பாவாடையில், சரிகைச் சட்டையில்.
அனீஸ் பாத்திமா மட்டும்
முழங்கால் வரை தொங்கும் அண்ணனின் பனியனில்,
பை நிறைய பாட்டில் மூடிகளோடு.

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு மொட்டைமாடி.
நாலரை மணிக்கும் தரை காலைக் கடித்தது.
விரிக்க ஒன்று வேண்டுமே என்றதற்கு
சிம்மக்கல்லில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் என் தம்பி
பத்துக்குப் பதினாறில் ஒன்றைச் சுருட்டி அனுப்பியிருந்தான்.
"பேருல ஒரு எழுத்து தப்பாப் போச்சுக்கா,
வாங்க மாட்டேன்னுட்டாங்க.
வெள்ளப் பக்கம் மேல இருக்கட்டும்."

இருந்தது,
முக்கால் மணி நேரம்.
அதற்குள் அதன் குறுக்கே நீலத்தில் ஓர் ஆறு.
வைகையா என்றேன்.
"இல்ல ஆன்ட்டி, இதுல தண்ணி இருக்கே."
மூடிச் சக்கரம் வைத்த தீப்பெட்டி
மாட்டுத்தாவணியில் புறப்பட்டு
பெரியார் நிலையத்தருகே கவிழ்ந்தது.
ஜெரோம் ஃபெவிகாலை உள்ளங்கையில் பூசி, காயவிட்டு,
பாம்புச் சட்டையாக உரித்துக்கொண்டிருந்தான்.
வேறொன்றும் செய்யவில்லை.
மிக மகிழ்ச்சியாக இருந்தான்.

ஆடி மாதம் மொட்டைமாடியில் வண்ணக் காகிதம்
யார் யோசனை? என்னுடையதுதான்.
அம்மியே பறக்கும் காற்றுக்குச் சம்க்கி எம்மாத்திரம்.
ஒரே வீச்சு. மஞ்சள் தாள்கள் கைப்பிடிச் சுவர் தாண்டின.
எதிர்மாடிக் கொடியில்
யார் வீட்டு லுங்கியோ வெள்ளியாய் மினுங்கியது.
ஃப்ளெக்ஸ் ஓர் ஓரம் தூக்கி, நெளிந்து,
பெயின்ட் கிண்ணங்களோடு புரண்டு விழுந்தது.

கண்ணீர் அஞ்சலி.

வெள்ளைச் சட்டை. முறுக்கிய மீசை.
தலைக்குப் பின்னால் மேகம், இரண்டு புறா.
பிறந்தநாள் வீட்டில், ஐயோ என்று
நான் ஓடிப்போய் ஓரத்தைப் பிடிப்பதற்குள்
எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டார்கள்.
தோற்றம்னா பொறந்தநாள், என்றான் கார்வண்ணன்.
அப்ப மறைவு?
ஒளிஞ்சுக்கிட்டார், என்றாள் என் மகள்.
யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.
அவசரமாய் நான் தயாரித்த பதில்
இன்னும் என்னிடமே இருக்கிறது.

அனீஸ்தான் கண்டுபிடித்தாள்.
டிக்டேஷனில் ல, ள, ழ மூன்றும் வழுக்கி
திங்கட்கிழமைதோறும் பத்துத் தடவை எழுதுகிறவள்
'முத்திருலாண்டி'யின் முன் குத்தவைத்து
"இது தப்பு" என்றாள், வெகு நிதானமாக.
சிவப்பைத் தொட்டாள்.
லகரத்தின் மேலேயே ஒரு ளகரம்,
என் விரித்த கை அகலத்துக்கு.
பக்கத்தில், மிஸ் போடுவதுபோல், ஒரு டிக்.

பிறகு எல்லாருக்கும் அவரிடம் உரிமை வந்துவிட்டது.
வளையல் துண்டுகளில் மாலை.
ஐஸ் குச்சிகளில் கிரீடம்.
புறாக்களுக்குப் பச்சை அடித்தார்கள், கிளியாம்.
மீசையைத் தொடாதீங்க என்றேன்,
அன்று அது ஒன்றைத்தான் கேட்டார்கள்.
ஜெரோம் ஒரு முட்டை பப்ஸை
காகிதத் தட்டில் அவர் பக்கத்தில் வைத்தான்,
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
அவனே தின்றான்.

சாயங்கால விமானம் அவனியாபுரம் பக்கம் தாழ்ந்து வந்தபோது
அத்தனை பேரும் ஓரங்களைப் பிடித்துத் தூக்கினார்கள்,
ஆளுக்கொரு திசையில் இழுத்து, கோணலாக,
கிரீடத்தின் குச்சிகள் உதிர உதிர, கத்திக்கொண்டு.
ஒரு முனை என் கையிலும் இருந்தது.
யாரென்றே தெரியாத ஒருவரை
பெயர் சரியாக
வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தோம்.

ராத்திரி தம்பி போன் செய்தான்.
"திருத்தி வேற அடிச்சுக் குடுத்தாச்சு.
அதைக் கிழிச்சுப் போட்டுருக்கா."
யாழ்மதி தலையிலிருந்து
சம்க்கி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
நாளைக்குப் பார்க்கலாம்டா, என்றேன்.
பெயின்ட் காயணும்.