இருபத்தோரு எழுத்து

புதுவயலில் மாலை ஆறு மணிக்கு
அரிசி மில் மோட்டார் ஓடத் தொடங்கினால்
வைரவன் வீட்டு டி.வி.யில் படம் சுருங்கும்.
பிறகு ஒரு வெள்ளைப் புள்ளி.
பிறகு அதுவும் இல்லை.
"கேசட்டுல ஏத்துனியாடா?"
ஏற்றியிருக்க மாட்டேன்.
மறுபடி வரி பத்து, வரி இருபது, வரி முப்பது.

ஈப்போவிலிருந்து அவன் அம்மான் அனுப்பிய பெட்டி,
ரப்பர் பொத்தான் வைத்தது.
கூட வந்த கேசட் ஐந்து நிமிஷம் கீச்சிட்டு ஏறியதும்
திரையின் குறுக்கே எழுத்துகள் நெளிந்து போயின,
யார் யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டு.
விளையாட்டு இல்லை, ஜெயிக்க ஒன்றும் இல்லை,
சும்மா, முடியும் என்று காட்ட.

அதைத் தமிழில் செய்யணும் என்றது நான்தான்.

நாமே வரைந்துகொள்ள
இயந்திரம் விட்டுவைத்தது இருபத்தோரு இடம்.
ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு.
வைரவனுக்கு ஆச்சி, எனக்கு அக்கா,
சோலைதான் கிராஃப் நோட்டில் கட்டம் நிரப்பினாள்.
ண மட்டும் மூன்று நாள்.
எட்டுப் புள்ளி அகலத்தில் மூன்று சுழி எப்படி அடங்கும்?
நடுச்சுழியை நெருக்கி அடக்கினாள்.
எழுத்து நெளிய வேண்டிய அளவையும்
லாகரிதம் புத்தகத்தில் சைன் பார்த்து அவளே எழுதித் தந்தாள்.

வணக்கம் புதுவயல்
வைரவன் காதர்
ஈப்போ அம்மான்

எண்ணினோம். சரியாக இருபத்தொன்று.
சோலைக்குக் கொம்பு இருந்தது, கால் இருந்தது.
ச இல்லை. ல இல்லை.
அம்மானை எடுக்க முடியாது, பெட்டி அவருடையது.
காதரை எடுத்தால்
த ஒன்று, ர் ஒன்று,
இரண்டு இடம் கிடைக்கும்.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
கணக்குப் போட்டவள் அவள்,
அவளும் சொல்லவில்லை.

மில்லுக்கு லீவு விட்ட ஒரு ராத்திரி
முழுசாய் ஓடியது.
"ண நல்லா வந்திருக்கு" என்றாள்.

போன வாரம் அந்தக் கேசட்டை லேப்டாப்பில் ஏற்றினேன்.
மஞ்சள்!
ஆறு என்றால் மஞ்சள் என்று புத்தகத்தை நம்பிப் போட்டது.
கருப்பு வெள்ளை டி.வி.யில்
அது வெளுத்த சாம்பலாய்த்தான் போனது.

அப்போதுதான் உறைத்தது.
க், ம், ல், ன், ர், ப்.
ஆறுக்கும் தனித்தனியாய்ப் புள்ளி வைத்திருக்கிறோம்.
புள்ளியை ஓரிடத்தில் வரைந்து
எழுத்தின் மேல் எழுத்தாய் அச்சிட ஒரு கட்டளை உண்டு,
கையேட்டில் அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன்.
அப்படிச் செய்திருந்தால்
நாங்கள் எல்லாரும் பதினெட்டில் அடங்கியிருப்போம்.
அவளுடைய ல
புதுவயலின் கடைசியில்தான் நின்றிருக்கிறது,
தலையில் புள்ளியோடு.
ச ஒன்றுதான் பாக்கி.
அதற்குப் பிறகும் இரண்டு இடம் காலி.

இங்கே கரண்ட் போகாது.
நடுராத்திரியில் எட்டுக்கு எட்டில்
ச வரைந்துகொண்டிருக்கிறேன்.
அந்த வயிற்று வளைவு
எனக்கு வர மாட்டேன் என்கிறது.